நம்சான் மலையடிவாரத்தில் ஒரு சினிமாத் தெரு!

சியோல் நகரின் நடுவில் நம்சான் என்று ஒரு குட்டி மலை இருக்கிறது. உயரம் சுமார் 260 மீட்டர்தான். ஆனால் கொரியன் சீரியல் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பழக்கமான மலை இருக்க முடியாது. உச்சியில் ஊசி போல நிற்கும் டவர். அதன் அடியில் உள்ள கம்பிவேலி முழுக்கப் பூட்டுகள். காதலர்கள் பெயர் எழுதி, பூட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன்பு இதே மலையின் பெயரைச் சொல்லும்போது சியோல்வாசிகள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 'அவரை நம்சானுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்' என்று யாராவது சொன்னால், ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார் என்று அர்த்தமில்லை. மலைச்சரிவில்தான் உளவுத்துறையின் அலுவலகங்கள் இருந்தன. அங்கே விசாரணைக்குப் போனவர் எப்போது வருவார், எப்படி வருவார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அந்த மலைக்கு நேர் கீழே இருக்கிறது சுங்முரோ. கொரிய சினிமாவின் தாய்வீடு. இன்றைக்கும் 'சுங்முரோ' என்றால் கொரியர்களுக்கு சினிமா உலகம் என்றுதான் பொருள். மேலே உளவுத்துறை, கீழே சினிமாக் கம்பெனிகள். நடுவில் சில நிமிட நடை. இந்தச் சில நிமிட தூரத்துக்குள் ஒரு தலைமுறைப் படைப்பாளிகள் எப்படிப் படம் எடுத்தார்கள் என்பதை, மலையைச் சுற்றி ஒரு நாள் நடந்தால் தெரிந்துகொள்ளலாம்.

குகை ஸ்டேஷனில் இறங்கி...

மெட்ரோவின் 3-ம், 4-ம் லைன்கள் சந்திக்கும் இடம் சுங்முரோ ஸ்டேஷன். பாறையைக் குடைந்தது போன்ற சுவர்கள் இருப்பதால், குகைக்குள் ரயில் வந்து நிற்பது போல இருக்கும். படியேறி மேலே வந்தால் முதலில் ஏமாற்றம்தான். ஸ்டூடியோ கேட் இல்லை, நடிகர்களின் கட்-அவுட் இல்லை. அச்சகங்களிலிருந்து மை வாசனை வருகிறது. மோட்டார் பைக் கடைகள், கேமரா கடைகள், கண்ணாடிக் கூண்டுக்குள் நாய்க்குட்டிகள் தூங்கும் கடைகள்.

ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில் இந்தத் தெருவுக்கு ஹொன்மாச்சி என்று பெயர். ஜப்பானியக் கடைவீதி அது. விடுதலைக்குப் பின் 1946-ல் பெயரை மாற்றினார்கள். ஜப்பானியக் கடற்படையை நடுங்கவைத்த 16-ம் நூற்றாண்டுத் தளபதி யி சுன் சின்னின் பட்டப்பெயர் 'சுங்முகோங்'. அதிலிருந்து வந்ததுதான் சுங்முரோ. அவர் பிறந்த இடத்தைக் காட்டும் கல், இங்கே மியோங்போ என்ற பழைய தியேட்டரின் வாசலில்தான் இருக்கிறது.

1957-ல் மியோங்போ, 1958-ல் டேஹான் என்று பெரிய தியேட்டர்கள் திறந்ததும், தியேட்டரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்தன. கம்பெனியைச் சுற்றி ஸ்டில் போட்டோகிராபர், போஸ்டர் அடிக்கும் அச்சகம், 'டபாங்' எனப்படும் காபிக் கடை. ஒரு காபியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாய்ப்புக்காகக் காத்திருந்த துணை நடிகர்களும் உதவி இயக்குநர்களும் அந்த டபாங்குகளில் நிறைந்திருந்தார்கள்.

அந்தக் கட்டடங்களில் பல இன்று இல்லை. 1935-ல் கட்டப்பட்ட ஸ்காலா தியேட்டரைப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்ய அரசு முன்வந்தபோது, அதற்குள் உரிமையாளரே 2005-ல் இடித்துவிட்டார். 'பென்ஹர்' ஓடிய டேஹான் தியேட்டர் 66 வருடம் நடந்து, 2024 செப்டம்பர் 30-ம் தேதி கடைசிக் காட்சியோடு மூடப்பட்டது.

ஒரு வருட வெளிச்சம்

1960 ஏப்ரலில் மாணவர்கள் தெருவில் இறங்கி, சிங்மன் ரீயின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் கொரியாவில் காற்று சுதந்திரமாக வீசியது. சினிமாவைத் தணிக்கை செய்யும் பொறுப்பும் அரசின் கையிலிருந்து ஒரு தனிக்குழுவுக்குப் போனது.

அந்தக் குறுகிய இடைவெளியில் வந்த இரண்டு படங்கள் இன்றும் கொரியாவின் தலைசிறந்த படங்களின் பட்டியலில் முன்வரிசையில் நிற்கின்றன. ஒன்று, கிம் கி யங்கின் 'ஹன்யோ'. 'வேலைக்காரி' என்று பொருள். மாடி வீடு கட்டிக் குடியேறும் ஒரு நடுத்தரக் குடும்பம், அங்கே வேலைக்கு வரும் பெண், அந்த வீட்டின் மாடிப்படி என்று போகும் கதை. ஆஸ்கர் வாங்கிய 'பாரசைட்' இயக்குநர் போங் ஜூன் ஹோ, தன் படத்துக்கு ஊக்கம் தந்ததாகச் சொல்வது இந்தப் படத்தைத்தான். இன்னொன்று, யூ ஹியூன் மோக்கின் 'ஓபால்தான்'. 'குறி தவறிய தோட்டா' என்று சொல்லலாம். அதன் கதைக்களம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பிறகு பார்ப்போம்.

1961 மே 16 அதிகாலை, ராணுவ டாங்கிகள் சியோலுக்குள் வந்தன. ஜெனரல் பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த மாதமே உளவுத்துறை உருவானது. வெளிச்சம் அணைந்தது.

வருடத்துக்கு 15 படம்!

பார்க் சுங் ஹீயின் அரசு சினிமாவை ஒழிக்க நினைக்கவில்லை. தொழிற்சாலை போல நடத்த நினைத்தது. 1962-ல் சினிமாவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அறுபது, எழுபது என்று இருந்த சின்னச் சின்னக் கம்பெனிகள் இணைக்கப்பட்டு 16 ஆயின. அடுத்த வருடம் சட்டம் இன்னும் இறுகியது. சொந்த ஸ்டூடியோ, கேமரா, விளக்குகள் எல்லாம் இருந்தால்தான் லைசென்ஸ். லைசென்ஸ் இருந்தால் வருடத்துக்கு 15 படம் எடுத்தே ஆக வேண்டும்.

லைசென்ஸ் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? லைசென்ஸ் வைத்திருந்த கம்பெனிக்குப் பணம் கொடுத்து, அதன் பெயரில் படம் எடுத்தார்கள். வெளியூர் விநியோகஸ்தர்களிடம் முன்பணம் வாங்கித்தான் படப்பிடிப்பே தொடங்கும்.

அரசு ஒரு தூண்டிலும் போட்டது. வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்யும் உரிமை, உள்ளூர்ப் படம் எடுக்கும் கம்பெனிகளுக்கு மட்டுமே. ஹாலிவுட் படம் ஒன்று கிடைத்தால் பணம் கொட்டும். நல்ல கம்யூனிச எதிர்ப்புப் படம் என்று அரசு விருது கிடைத்தால், அந்த உரிமையும் சேர்ந்து கிடைக்கும். ஆகவே பல கம்பெனிகளுக்கு உள்ளூர்ப் படம் கணக்குக் காட்ட. லாபம் வெளிநாட்டுப் படத்தில். சில வாரங்களில் சுருட்டியெடுத்த படங்கள் வரிசையாக வந்தன.

இவ்வளவுக்கும் மத்தியில் மக்கள் தியேட்டரை விட்டுப் போகவில்லை. டி.வி பரவாத அந்தக் காலத்தில், 1969-ல் மட்டும் 17 கோடி டிக்கெட் விற்றது. அப்போது தென்கொரியாவின் மக்கள்தொகை 3 கோடி சொச்சம். வருடத்துக்கு 200 படங்களுக்கு மேல் வெளியாயின. முதலில் அரசின் செய்திப்படம், பிறகுதான் மெயின் பிக்சர். 1970-களில் தேசியகீதமும் சேர்ந்துகொண்டது. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். படம் விட்டதும் ஓட்டம் ஓட்டமாக வீடு போய்ச் சேர வேண்டும். நள்ளிரவு 12 மணிக்கு ஊரடங்கு. அது 1982 ஜனவரி வரை நீடித்தது.

கத்தரிக்கோல் நடமாடிய கடைவீதி

சுங்முரோவிலிருந்து மேற்கே நடந்தால் மியோங்டாங். இன்று ஃபேஸ் மாஸ்க்கும் லிப்ஸ்டிக்கும் வாங்க உலகமே கூடும் கடைவீதி. 1970-களில் இது கிட்டாரும் பீரும் ஜீன்ஸுமாக இருந்த இளைஞர்களின் இடம். போலீஸ் கத்தரிக்கோலோடு நிற்கும். தலைமுடி நீளமாக வளர்த்த பையன்களைப் பிடித்து அங்கேயே வெட்டிவிடும். குட்டைப் பாவாடை போட்ட பெண்களுக்கு முழங்காலுக்கு மேல் எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள்.

இந்த முடிவெட்டுத் துரத்தலை அப்படியே படத்தில் வைத்தார் ஹா கில் ஜாங். அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு வந்தவர். 1975-ல் வந்த அவரது 'முட்டாள்களின் அணிவகுப்பு' இரண்டு கல்லூரி மாணவர்களின் கதை. மேலுக்குச் சிரிப்புப் படம். உள்ளே வேறு எதுவும் செய்ய வழியில்லாத ஒரு தலைமுறையின் ஏக்கம். சென்சாரில் சுமார் 30 நிமிடம் போய்விட்டது. அதில் வந்த ஹிட் பாடல்களுக்கும் தடை. எஞ்சியதே பெரிய வெற்றி பெற்றது. ஹா கில் ஜாங் 1979-ல், 37 வயதில் இறந்துவிட்டார்.

சென்சார் என்றால் ஒருமுறை அல்ல. எழுதும்போதே ஸ்கிரிப்டைக் காட்ட வேண்டும். எடுத்து முடித்த பிறகு படத்தைக் காட்ட வேண்டும். அரசுக்கு நெருக்கமாக இருந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றை நடத்திய ஷின் சாங் ஓக், ஒரு முத்தக்காட்சி தொடர்பான தகராறில் 1975-ல் லைசென்ஸை இழந்தார். மூன்றே வருடத்தில் அவரும், அவரது முன்னாள் மனைவியான நடிகை சோய் யுன் ஹீயும் ஹாங்காங்கிலிருந்து வடகொரியாவுக்குக் கடத்தப்பட்டு, அங்கே படம் எடுக்க வைக்கப்பட்டார்கள். 1986-ல் வியன்னாவில் தப்பினார்கள்.

சிவப்புத் தபால்பெட்டி

மியோங்டாங்கிலிருந்து மலைப்பக்கம் திரும்பினால், யேஜாங் பூங்கா. புல்வெளியில் பெரிய சிவப்புத் தபால்பெட்டி போல ஒரு கட்டடம் நிற்கிறது. குழந்தைகள் ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். பெயர் 'நினைவு 6'. உளவுத்துறையின் 6-ம் பிரிவு இருந்த இடம் இது. கொரிய மொழியில் 'ஆறு' என்பதற்கும் 'இறைச்சி' என்பதற்கும் ஒரே உச்சரிப்பு உண்டு: 'யுக்'. சித்திரவதைக்குப் பேர்போன அந்தப் பிரிவை மக்கள் 'இறைச்சிப் பிரிவு' என்றே கசப்போடு சொன்னார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அடித்தள விசாரணை அறை எப்படி இருந்தது என்பதை உள்ளே காட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த தலைமைக் கட்டடம், இப்போது மாணவர்கள் தங்கும் யூத் ஹாஸ்டல்! உளவுத்துறை 1995-ல்தான் இந்த மலையை விட்டு இறங்கியது.

சினிமாக்காரர்கள் மீது பாய்ந்த முக்கியமான ஆயுதம் கம்யூனிச எதிர்ப்புச் சட்டம். அதில் சிக்கியவர்களில் பெரிய பெயர் லீ மான் ஹீ. கொரியப் போரில் ராணுவ வீரராக இருந்தவர். 1963-ல் அவர் எடுத்த 'திரும்பி வராத கடற்படை வீரர்கள்' பெரிய ஹிட். அரசுக்குப் பிடித்த போர்ப்படம்.

அதே மனிதர் பின்னர் எடுத்தது 'ஏழு பெண் கைதிகள்'. தென்கொரிய ராணுவ நர்ஸுகள் எதிரிகளிடம் சிக்குகிறார்கள். சீன வீரர்கள் அவர்களைச் சீரழிக்கப் பார்க்கும்போது, ஒரு வடகொரிய அதிகாரி தடுத்துக் காப்பாற்றுகிறார். அவ்வளவுதான். எதிரி நாட்டு வீரனை மனிதத்தன்மை உள்ளவனாகக் காட்டியது குற்றம் என்று 1965-ல் லீ மான் ஹீயைக் கைது செய்தார்கள். படம் வெட்டி ஒட்டப்பட்டு, வேறு பெயரில் வெளியானது.

அவருக்காகப் பொதுக்கூட்டத்தில் குரல் கொடுத்தவர் 'ஓபால்தான்' இயக்குநர் யூ ஹியூன் மோக். பலன்? அவர் மீதும் அதே சட்டத்தில் வழக்கு. கூடவே, அவரது வேறொரு படத்தில் சில நொடிகள் வந்த ஒரு காட்சிக்காக ஆபாச வழக்கும்.

108 படிகள்

மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது ஹேபாங்சோன். 'விடுதலைக் கிராமம்' என்று பொருள். ஜப்பானியர் வெளியேறிய பிறகும், கொரியப் போரின்போதும் வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் இங்கே தகரத்தையும் பலகையையும் வைத்துக் குடிசை போட்டார்கள். ஊருக்குள் செங்குத்தாக 108 படிகள் உண்டு. போரில் இறந்த ஜப்பானியர்களுக்கான கோயிலுக்குப் போக 1943-ல் கட்டியது. கோயில் போய்விட்டது, படிகள் மிஞ்சின. முதியவர்கள் சிரமப்படக் கூடாதென்று நடுவில் இப்போது சாய்வு லிஃப்ட் ஓடுகிறது. பழைய மார்க்கெட்டுக்குள் காபி ஷாப்கள் வந்துவிட்டன.

'ஓபால்தான்' குடும்பம் வாழ்வது இங்கேதான். அண்ணன் ஒரு குமாஸ்தா. பல்வலி. பிடுங்கக் காசில்லை. போரிலிருந்து திரும்பிய தம்பிக்கு வேலையில்லை; பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போகிறான். தங்கை அமெரிக்க சிப்பாய்களிடம் போகிறாள். போரில் மனம் பேதலித்த அம்மா பாயில் படுத்தபடி, 'போவோம்! போவோம்!' என்று கத்திக்கொண்டே இருக்கிறாள்.

படம் 1961 ஏப்ரலில் வெளியானது. மே மாதம் ராணுவ ஆட்சி. படத்துக்குத் தடை. காரணங்களில் ஒன்று அந்தக் கிழவியின் கூச்சல்! 'போவோம் என்றால் எங்கே? வடக்குக்கா?' என்று கேட்டார்கள். ஊரையும் நிலத்தையும் இழந்துவிட்டு வந்த ஒரு தாய் வேறு எங்கே போகச் சொல்வாள் என்று ஹேபாங்சோனில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

1963-ல்தான் தடை விலகியது; படம் சான்பிரான்சிஸ்கோ திரைவிழாவுக்கும் போனது. பின்னாளில் எஞ்சிக் கிடைத்த பிரதியில், காட்சியின் மேலேயே ஆங்கில சப்டைட்டில் பதிந்திருந்தது. அமெரிக்கா போய் வந்த பிரதி அது. வெளியூர் போனதால் பிழைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஹேபாங்சோனிலிருந்து மாலையில் மலைமேல் ஏறினால், மரங்களுக்கு இடையே நல்ல பாதை. நாய்களோடு நடப்பவர்கள், கேபிள் காரில் கையசைக்கும் குழந்தைகள், பூட்டு வாங்கும் ஜோடிகள். 1968-ல் இந்த மலைப் பூங்காவை லீ மான் ஹீ வேறு மாதிரிப் படம்பிடித்தார். வெறும் மரக்கிளைகள், புழுதிக் காற்று, காலி பெஞ்ச்.

படத்தின் பெயர் 'ஹ்யூயில்', அதாவது விடுமுறை நாள். ஒவ்வொரு ஞாயிறும் நம்சானில் சந்திக்கும் ஒரு காதல் ஜோடி. காபி குடிக்கக்கூடக் காசில்லை. அவள் கருவுற்றிருக்கிறாள். கலைத்துவிடலாம் என்று முடிவு செய்து, பணத்துக்காக அவன் நண்பர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். யாரும் தரவில்லை. திருடுகிறான். மருத்துவமனையில் அவள் இறந்துபோகிறாள். இரவெல்லாம் ஊர் முழுக்க ஓடிவிட்டு, கடைசியில் அவன் டிராமில் ஏறுகிறான். எல்லாம் ஒரே நாளில். மொத்தம் 73 நிமிடம்.

சென்சாருக்குப் படம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தது. முடிவை மாற்றச் சொன்னார்கள். கதாநாயகன் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ராணுவத்தில் சேருவதாக வைத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஒரு நாள் ஷூட்டிங்கில் முடிந்திருக்கும் வேலை. போட்ட பணமும் திரும்பியிருக்கும்.

இயக்குநர் லீ மான் ஹீ, கதாசிரியர் பேக் க்யோல், தயாரிப்பாளர் ஜியோன் ஓக் சூக் என்ற பெண்மணி, மூவரும் முடியாது என்றார்கள். படத்தைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது வெளியாகவே இல்லை. லீ மான் ஹீ 1975-ல், தன் கடைசிப் படத்தின் எடிட்டிங் வேலை முடியுமுன் இறந்துபோனார். வயது 43. ஜியோன் ஓக் சூக்கின் மகன் ஹாங் சாங் சூ இன்று உலகத் திரைவிழாக்களில் தவறாமல் காணப்படும் இயக்குநர்.

காணாமல் போனவையும் கிடைத்தவையும்

நகரின் மேற்கே, சாங்காம் பகுதியில், டி.வி நிலையங்களுக்கு நடுவே கொரிய ஃபிலிம் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1974-ல் தொடங்கியது. அதற்கு முன் பழைய படங்களின் கதி? ஓடி முடித்த பிரதிகளைக் கிலோ கணக்கில் விற்றார்கள். ஃபிலிம் சுருளை நீளமாக வெட்டி, வைக்கோல் தொப்பிகளைச் சுற்றிப் பட்டையாக ஒட்டினார்கள். வயலில் வேலை செய்தவர்களின் தலையில் யாரோ ஒரு நடிகை இருந்திருப்பாள்.

இந்தக் காப்பகக் கிடங்கில்தான் 'ஹ்யூயில்' கிடைத்தது. 2005-ல், எடுத்து 37 வருடம் கழித்து, முதன்முறையாக மக்கள் முன்னால் திரையில் ஓடியது. பார்த்தவர்கள் திகைத்தார்கள். அரசு கேட்ட முடிவு இருந்திருந்தால் அது நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருக்கும்.

கிடைக்காததும் உண்டு. லீ மான் ஹீயின் மிகச் சிறந்த படம் என்று பார்த்தவர்கள் சொல்லும் 'மான்சு' (1966) எங்குமே இல்லை. சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வரும் பெண்ணுக்கும், தப்பி ஓடும் ஒருவனுக்கும் இடையிலான காதல். 2010-ல் ஹியூன் பின் நடித்து வந்தது இதன் மறு ஆக்கம்தான். மூலப்படத்தின் ஸ்டில்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

1979-ல் பார்க் சுங் ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அவரது உளவுத்துறைத் தலைவரே. அடுத்து வந்ததும் ராணுவ ஆட்சிதான். 1987-ல் மக்கள் போராட்டம் ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது. படத்தை வெளியாகும் முன்பே வெட்டுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1996 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் பூசான் திரைவிழா தொடங்கியிருந்தது.

கதை அதோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பார்க் சுங் ஹீயின் மகள் பார்க் கியூன் ஹே அதிபராக இருந்தபோது, அரசுக்குப் பிடிக்காத ஆயிரக்கணக்கான கலைஞர்களின் ரகசியப் பட்டியல் இருந்தது 2016-ல் அம்பலமானது. அதில் போங் ஜூன் ஹோவின் பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி இழந்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் 'பாரசைட்'.

போகிறவர்களுக்கு...

* காலையில் சுங்முரோவில் தொடங்கி, மியோங்டாங், யேஜாங் பூங்கா என்று நடந்து, மதியத்துக்கு மேல் ஹேபாங்சோன் போனால், மாலை மலை உச்சிக்கு ஏறச் சரியாக இருக்கும். ஏற முடியாதவர்களுக்கு பஸ்ஸும், 1962 முதல் ஓடும் கேபிள் காரும் உண்டு.
* நம்சான் சரிவு செங்குத்து. நல்ல ஷூ அவசியம். குளிர்காலத்தில் காற்று கடுமையாக இருக்கும்.
* சாங்காம் காப்பகத்துக்கு 'டிஜிட்டல் மீடியா சிட்டி' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்குள்ள சினிமா மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. பழைய படங்களை இலவசமாகவே திரையிடுகிறார்கள்.
* சியோல் போக வழியில்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். காப்பகத்தின் யூடியூப் சேனலில் 'ஹன்யோ', 'ஓபால்தான்', 'ஹ்யூயில்' மூன்றும் ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பெரியவர்கள் பார்க்க வேண்டிய படங்கள். முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், 'ஹ்யூயில்'. கடைசி டிராம் காட்சி வரை, எழுந்து போகாமல்.